பயத்துக்கு ஒரு கைப்பிடி ஈயம்

முள்கரண்டியைச் சுட்டுவிரலின் மேல் கிடத்தி, அது எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிற இடம் தெரிந்த பிறகுதான் ஹெர்க்ளாஸ் ஸ்டீன்காம்ப் சாப்பிடத் தொடங்குவார். அதற்குள் எதிரில் இருப்பவர்கள் பாதித் தட்டைக் காலி செய்திருப்பார்கள். தன் வீட்டுக் கரண்டிகளுக்கெல்லாம் அந்த இடம் அவருக்கு மனப்பாடம் என்பதால், பிறர் வீட்டு விருந்தில்தான் அவருக்கு உற்சாகம் வரும். "இதுக்குக் கழுத்துகிட்ட இருக்கே, ஆச்சரியம்தான்!" என்பார். விருந்து கொடுத்தவள் கேட்டது ஆட்டுக்கறி எப்படி இருக்கிறது என்று.

தென்னாப்பிரிக்காவில், ரீட்கேல் ஊரின் கடைத்தெருவில் டயர் கடை வைத்திருக்கிறார். ஆறடிக்கு மேல் உயரம், கொஞ்சம் கூன், காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை. அந்தக் காலுறையில் சீப்பு செருகிக்கொள்வது அவர் வயது ஆண்களின் வழக்கம். ஹெர்க்ளாஸுக்குச் சீப்புக்கு வேலை இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் தச்சர் வைத்திருக்கிற மாதிரி ஒரு தட்டைப் பென்சில் இருக்கும். சக்கரத்தைச் சுழலவிட்டு, அது எங்கே உதறுகிறது என்று பார்த்து, விளிம்பில் சின்ன ஈயத்துண்டைத் தட்டிப் பொருத்துவது அவருடைய தொழில். வேறு கடையில் ஒரு சக்கரத்துக்கு ஆகும் நேரத்தைப் போல மூன்று மடங்கு எடுத்துக்கொள்வார். சோளக்காட்டு விவசாயிகள் வண்டியை விட்டுவிட்டு வங்கி, முடிவெட்டு, மாமியார் வீடு எல்லாம் முடித்துவிட்டு வருவார்கள். அப்போதும் நாலாவது சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்.

மைத்துனரின் சவ ஊர்வலத்தில் பெட்டி தூக்கிய ஆறு பேரில் இவரும் ஒருவர். ஆலய வாசல் தாண்டியதும் பின்னால் வந்தவர்களிடம் கிசுகிசுத்தார்: "நீங்க ரெண்டு பேரும் ஒரு அடி முன்னால வாங்க. தலைப்பக்கம் இழுக்குது." அவர்கள் வந்தார்கள். பெட்டி உண்மையிலேயே லேசாகிவிட்டது. ஆனால் அழுதுகொண்டு பின்னால் வந்த விதவை அதைக் கேட்டுவிட்டாள். ஒருமுறை கேப் டவுனுக்கு விமானத்தில் போனபோது, பக்கத்தில் இருந்த பருமனான மனிதரை இறக்கைக்கு நேராக இருந்த காலி இருக்கையில் போய் உட்காரச் சொன்னார். "உங்களுக்காகச் சொல்லலை, எல்லாருக்காகவும் சொல்றேன்" என்றார். திரும்பி வரும்போது பேருந்தில் வந்தார்.

ஊருக்கு வெளியே, பசுக்களை ஓட்டிவிட்டுப் புல்லை ஒட்ட வெட்டிய ஒரு நீளத் துண்டு நிலம்தான் மாதிரி விமானச் சங்கத்தின் ஓடுதளம். அங்கே ஹெர்க்ளாஸ்தான் பரிசோதகர். பதவியை யாரும் கொடுக்கவில்லை. யாரும் பிடுங்கவும் துணியவில்லை. புதிதாக விமானம் கொண்டுவருகிறவர் முதலில் அதை அவரிடம் நீட்ட வேண்டும். இரண்டு இறக்கைக்கும் அடியில் ஒவ்வொரு விரல் கொடுத்துத் தூக்குவார். மூக்கு லேசாகத் தணிந்து நின்றால் தலையாட்டுவார். வால் தணிந்தால் முகம் கறுத்துவிடும். "இது பறக்கிறதுக்கு வரலை. விழுறதுக்கு வந்திருக்கு" என்று சொல்லி, பையிலிருந்து ஈயம் எடுப்பார். ஈர்ப்பு மையம் என்ற பள்ளிக்கூடச் சொல்லை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'அந்த இடம்' என்பார், கோயில் கருவறையைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. சங்கத்தில் இளவட்டங்கள், "மாமாகிட்ட விரல் வாங்கிட்டியா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவு பேசுகிற ஹெர்க்ளாஸ் விமானம் ஓட்டுவதில்லை. வெகுகாலத்துக்கு முன் ஒருமுறை ரிமோட்டைக் கையில் வாங்கினார். விமானம் தரையைவிட்டு எழும்பியதும் அவர் கை உதற, கை உதறியதை விமானமும் உதறிக் காட்டியது. அன்றோடு சரி. அவர் கட்டுகிற விமானங்களையெல்லாம் ஓட்டுகிறவள் அவருடைய மனைவி ஹெஸ்டர். குள்ளம், கனத்த தேகம், ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள். பத்து விரலும் இரண்டு காலும் தனித்தனியாக வேலை செய்து பழகியவளுக்கு இரண்டு கட்டைவிரல் வேலை ஒரு பொருட்டே இல்லை. பாடற்புத்தகம் இல்லாமல் சங்கீதம் வாசிப்பதுபோல, பக்கத்தில் நிற்பவளோடு ஊறுகாய் பற்றிப் பேசிக்கொண்டே விமானத்தை இறக்கிவிடுவாள். "அவர் கட்டுவார், நான் ஓட்டுவேன்" என்பது ஹெஸ்டர் சொல்வது. "நான் சரியா வெச்சுக் கொடுக்கறேன், அதனால அவளுக்குச் சுலபமா இருக்கு" என்பது ஹெர்க்ளாஸ் சொல்வது. இரண்டும் ஒன்றுதான் என்று ஊர் நினைத்தது.

இந்த மனிதர் ஒரு டகோட்டா கட்டினார், பழைய பயணிகள் விமானம் ஒன்றின் மாதிரி. இரட்டை இயந்திரம், பெருத்த வயிறு, மூன்று கட்டில்களை வரிசையாகப் போட்டால் வரும் அகலத்துக்கு இறக்கை. கடையின் பின்கட்டில் டயர் அடுக்குகளுக்கு நடுவே ஐந்து வருஷம் அது வளர்ந்தது. கடைசியாக வெள்ளி வண்ணமும் அடித்து முடித்து, இனி 'அந்த இடம்' பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று ஆனபோது, ஹெர்க்ளாஸ் தன் இரண்டு சுட்டுவிரல்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இது விரலால் தூக்குகிற சமாசாரம் இல்லை. நல்ல கன்றுக்குட்டியின் எடை இருந்தது.

ஆளுக்கு ஒரு இறக்கை என்று இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் சங்கத் தலைவர் பாரெண்ட் ரூட், கசாப்புக் கடைக்காரர். இன்னொருவர் செயலாளர் லெஃபா மோக்கேட்டி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பாரெண்ட் பாதி மாட்டைத் தோளில் போட்டுப் பழகியவர், சட்டென்று தூக்கினார். லெஃபா நோயாளியைத் தூக்குகிறமாதிரி மெதுவாகத் தூக்கினார். விமானம் மூக்கையும் காட்டாமல் வாலையும் காட்டாமல் பக்கவாட்டில் லெஃபாவின் மேல் சரிந்தது.

"மாமா, அந்த இடம் கெடைச்சிருச்சு" என்றார் லெஃபா, இறக்கைக்கு அடியிலிருந்து. "என் விலா எலும்புக்கு நேரா இருக்கு."

அடுத்து, இயந்திரம் தூக்குகிற சங்கிலியில் கயிறு கட்டி விமானத்தைத் தொங்கவிட்டார். கயிற்றோடு ஒரு தூக்குக்குண்டு நூலையும் தொங்கவிட்டு, நூல் உடம்பைக் கடக்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். மறுபடி வேறிடத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் இரண்டு விரற்கடை தள்ளி வந்தது. மூன்றாம் முறை வேறு எங்கோ வந்தது. கயிறு வழுக்குகிறதா, நூல் பொய் சொல்கிறதா, விமானம்தான் மனதை மாற்றிக்கொள்கிறதா என்று தெரியவில்லை. இரண்டு நாள் அவர் கரண்டியை விரலில் வைக்காமலே சாப்பிட்டார். ஹெஸ்டர் பயந்துபோனாள்.

வழி சொன்னது லெஃபாதான். "பெரிய விமானத்துக்கெல்லாம் மூணு சக்கரத்துக்கும் கீழ மூணு எடை மெஷின் வெச்சுத்தான் பாக்கறாங்க, மாமா. மொத்த எடையில வால் சக்கரம் எவ்வளவு பங்கு சுமக்குதோ, முன்சக்கரத்துக்கும் வால் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்துல அதே பங்கு பின்னால போனா உங்க இடம். அவ்வளவுதான்."

ஒரே மாதிரி மூன்று எடை மெஷின் அந்த ஊரில் ஓரிடத்தில்தான் இருந்தது. ஆலயக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் கூடுகிற பெண்களின் மெலிவுக் குழுவில். குழுவின் தலைவி போதகரின் மனைவி சூசாரா. குழுவின் ராணி, இரண்டு வருஷமாக, ஹெஸ்டர். வருஷத்தில் அதிகம் இளைத்தவளுக்கு ஊதாப் பட்டுப்பட்டை ஒன்று தோளில் போடுவார்கள். அறுவடைத் திருவிழாவில் அதை அணிந்துகொண்டு டிராக்டரின் முன்னால் உட்கார்ந்து ஊர்வலம் வரலாம். ஹெஸ்டர் இளைத்ததாக அவளுடைய துணிமணிகள் எதுவும் சொல்லவில்லை. மெஷின் சொன்னது.

"மெஷின் எதுக்கு?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

"எடை பாக்கத்தான்."

அவள் கொஞ்ச நேரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எடை பாக்கறதோட நிறுத்திக்கோ, ஹெர்க்ளாஸ்" என்றாள்.

அவர் நிறுத்திக்கொள்கிற ஆள் இல்லை. டகோட்டாவை மெஷின்களின் மேல் ஏற்றுவதற்கு முன்னால் மெஷின்களை நம்பலாமா என்று பார்க்க வேண்டாமா? ஒரே டயரை மூன்றின் மேலும் மாற்றி மாற்றி வைத்தார். மூன்றும் ஒரே எண் காட்டின. டயரை மெஷினின் முன்னோரத்துக்கு நகர்த்தினார், பின்னோரத்துக்கு நகர்த்தினார். இரண்டு மெஷின்கள் அசையவில்லை. பச்சை மெஷின் மட்டும், பாரம் பின்னோரத்துக்குப் போனதும் குறைத்துக் காட்டியது. டயரை எடுத்துவிட்டுத் தானே ஏறி நின்றார். குதிகாலில் சாய்ந்தார். மூன்று கிலோ காணாமல் போயிற்று. நேராக நின்றார், வந்துவிட்டது. கடையில் தனியாக நின்றுகொண்டு முன்னும் பின்னும் ஆடி, மூன்று கிலோவை அனுப்பி அனுப்பித் திரும்ப வரவழைத்த அந்த அரைமணி நேரம்தான், அவரே பிற்பாடு சொன்னபடி, அந்த ஐந்து வருஷத்திலேயே மிக இன்பமான பொழுது.

பச்சை மெஷினில் பாரத்தைச் சரிநடுவில் வைத்துக்கொண்டு காரியத்தை முடித்தார். முன்சக்கரங்களுக்கு இரண்டு, வால் சக்கரத்தை முக்காலியில் ஏற்றி அதற்கு ஒன்று. கணக்குப் போட்டார். பென்சிலால் போட்ட மூன்று கோடுகளுக்கும் சம்பந்தமில்லாத இடத்தில் விடை வந்தது. ஆனால் வரைபடத்தில் குறித்திருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு நூல்தான் வித்தியாசம். இறக்கையின் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டார். ஐந்து வருஷ வேலை ஒரு கோட்டில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மெஷின்களைத் திருப்பிக் கொடுக்க ஆலயக் கூடத்துக்கு வந்தார். தேநீர் வேளை. பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். சூசாரா நன்றி சொல்லி வாங்கி வைத்திருந்தால் கதை வேறு. அவள், "மெஷின் ஒழுங்கா இருந்துச்சா, ஹெர்க்ளாஸ்?" என்று கேட்டுவிட்டாள்.

யாராவது தன்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று அவர் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தார்.

"இந்தப் பச்சை இருக்கே, இது ஒரு கள்ளி!" என்று அதைத் தரையில் வைத்து ஏறினார். "பாத்துக்குங்க. நேரா நிக்கறேன். எண்ணைப் பாத்தீங்களா? இப்போ குதிகால்ல சாயறேன். எல்லாரும் பாருங்க. மூணு கிலோ! போயிருச்சு! எங்கயும் போகலை, என் மேலதான் இருக்கு. ஆனா அந்த இடம் பின்னால நகர்ந்துருச்சு, மெஷினுக்குத் தெரியலை."

கூடத்தில் கோப்பைச் சத்தம் நின்றது. ஹெர்க்ளாஸ் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னொருமுறை செய்து காட்டினார். பின்வரிசையில் யாரோ ஒருத்தி மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நம்ம ஹெஸ்டர்கூடக் கால்விரல் வலின்னு எப்பவும் குதிகால்லதானே நிக்கிறா, பாவம்."

அத்தனை பேரும் ஹெஸ்டரின் காலைப் பார்த்தார்கள். மெஷினின் மேல் குதிகாலில் சாய்ந்தபடியே ஹெர்க்ளாஸும் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கீழே இறங்கினார். இறங்கியதும் வேறு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

ஹெஸ்டர் வீட்டுக்குப் போய், ஊதாப் பட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, தேநீர் மேசையில் பால் டார்ட் இனிப்புக்குப் பக்கத்தில் மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அடுக்களையில் ஹெர்க்ளாஸ், "தெரியாமதான் அப்படி நின்னேன்னு சொல்லியிருக்கலாமே" என்றார்.

"தெரிஞ்சுதான் நின்னேன்."

"ஹெஸ்டர்!"

"என்ன ஹெஸ்டர்? ரெண்டு வருஷம் டிராக்டர்ல உக்காந்து கை ஆட்டினேன். யாருக்கு என்ன நஷ்டம்?" கையிலிருந்த துணியை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "உண்மை உண்மைன்னு அலையறியே, உனக்கு ஒரு உண்மை சொல்றேன். உன் விமானம் ஒண்ணையாவது நீ வெச்ச மாதிரி நான் ஓட்டினதில்லை."

"என்ன சொல்ற?"

"ஒவ்வொண்ணும் மூக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வரும். இழுத்துப் புடிச்சே விரல் வலிக்கும். நீ அந்தப் பக்கம் போனதும் பேட்டரியைப் பின்னால தள்ளிருவேன். எறக்கினப்புறம் பழைய எடத்துல வெச்சிருவேன். இத்தனை வருஷமா."

ஹெர்க்ளாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் கணக்காத்தான் வெக்கறேன்" என்றார்.

"கணக்கா கண்டுபிடிக்கிற. அதை நான் இல்லைன்னு சொல்லலை. கண்டுபிடிச்சப்புறம் நம்ப மாட்டேங்கற."

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். அங்கே பழைய விமானங்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்றைக் கீழே இறக்கி மூடியைத் திறந்தார். பேட்டரி அவர் வைத்த இடத்தில்தான் இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு விரற்கடை தூரத்துக்கு அடிப் பஞ்சு தேய்ந்து வழுவழுவென்று ஒரு தடம் விழுந்திருந்தது. இன்னொன்றைத் திறந்தார். அதிலும் தடம். மூன்றாவதைத் திறக்காமலே திரும்ப மாட்டினார்.

அவருடைய ஈயக் கணக்கை லெஃபா ஒருவர்தான் அறிந்திருந்தார். மூக்கில் எவ்வளவு ஈயம் வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த பிறகு, ஹெர்க்ளாஸ் பையில் கைவிட்டு இன்னும் ஒரு கைப்பிடி எடுத்துப் போடுவார். ஒருநாள் லெஃபா அதைப் பார்த்துவிட்டு, "அது எதுக்கு, மாமா?" என்று கேட்டதற்கு, "முன்னாடி போட்டது கணக்குக்கு. இது பயத்துக்கு" என்று பதில் வந்தது. மூன்று மெஷின் கொண்டுவந்து, ஒரு குடும்பத்தின் மானத்தை விற்றுக் கண்டுபிடித்த அந்தச் சிவப்புக் கோட்டுக்கும் இதுவே நடந்தது. சங்கத்தின் பறக்கும் நாளுக்கு முந்தைய மாலை, டகோட்டாவின் மூக்கில் கணக்குக்கான ஈயத்தின் மேல் ஒரு கைப்பிடி விழுந்தது. கொட்டகையில் பார்த்ததை அவர் மறக்கவில்லை. அதனால்தான் அந்தக் கைப்பிடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

ஹெஸ்டர் அந்த வாரம் முழுக்க அவரிடம் உப்பு வேண்டுமா என்பதற்கு மேல் பேசவில்லை. டகோட்டாவை ஓட்ட முடியாது என்பதையும் உப்புக் கிண்ணத்தைப் பார்த்தே சொன்னாள்.

"பாரெண்டைக் கேளு. அவனுக்குக் கை நீளம்."

பறக்கும் நாளன்று பாதி ஊர் வந்திருந்தது. பிக்கப் வண்டிகளின் பின்கதவுகளைத் திறந்துபோட்டு அதில் உட்கார்ந்திருந்தார்கள். கரியில் வாட்டுகிற இறைச்சியின் புகை ஓடுதளத்துக்குக் குறுக்கே போயிற்று. மெலிவுக் குழுப் பெண்கள் பால் டார்ட் வைத்திருந்த மேசைக்குப் பின்னால் சூசாரா நின்றாள், தோளில் ஊதாப் பட்டையோடு. ஹெஸ்டர் உருளைக்கிழங்கு சாலடு கொண்டுவந்திருந்தாள். ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. சாலடு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பாரெண்ட் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "எப்படி வரும்?" என்று கேட்டார்.

"பாறை மாதிரி நிக்கும்" என்றார் ஹெர்க்ளாஸ்.

நிஜமாகவே பாறை மாதிரிதான் இருந்தது. இரண்டு இயந்திரமும் இரைந்தன, டகோட்டா ஓடத் தொடங்கியது, வால் தூக்கிற்று. ஜனங்கள் கைதட்டினார்கள். ஓடுதளத்தில் பாதி போயிற்று, முக்கால் போயிற்று, மூக்கு மேலே வர மறுத்தது. பாரெண்ட் ரிமோட்டின் குச்சியை வயிற்றுப் பக்கம் முழுசாக இழுத்துப் பிடித்து, தானும் பின்னால் வளைந்து நின்றார். "ஏறு, தாயே, ஏறு!" என்றார். அது ஏறவில்லை. புல் உயர்ந்த இடத்தில் சக்கரம் சிக்க, மூக்கைத் தரையில் குத்தி, வாலை வானத்துக்குக் காட்டி நின்றது. ஒரு இயந்திரத்தின் விசிறிக் கட்டை முறிந்து மேசைப் பக்கம் பறந்து வந்தது. அதன் பிறகு இறைச்சி பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் ஓடியது லெஃபா. பழக்க தோஷம். சுற்றிப் பார்த்துவிட்டு, "உசுரு இருக்கு, மாமா! விசிறி ஒண்ணுதான் போச்சு!" என்று கத்தினார்.

ஹெர்க்ளாஸ் விமானத்தின் பக்கம் போகவில்லை. நேராகக் காரிடம் போனார். கண்ணாடியைத் தட்டினார். ஹெஸ்டர் இறக்கவில்லை. அவர் மூடின கண்ணாடியிடமே பேசினார்.

"எங்க வேணும் உனக்கு?"

கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது. "என்ன?"

"அந்த இடம். எங்க வெக்கணும்னு கேக்கறேன்."

ஹெஸ்டர் அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் கேட்டிராத கேள்வி அது. சாலடு கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

பெண்கள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டினாள். லெஃபாவும் பாரெண்டும் விமானத்தை நிமிர்த்தி, புது விசிறி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டர் மூக்கு மூடியைத் திறந்து கைவிட்டாள். கணக்குக்கான ஈயம் ஒட்டியிருந்தது. அதன் மேல் கிடந்தது கையோடு வந்தது.

"இது என்ன?"

"அது... பயத்துக்கு" என்றார் ஹெர்க்ளாஸ்.

"பயம் உனக்குத்தானே? நீயே வெச்சுக்கோ." ஈயத்தை அவர் உள்ளங்கையில் கொட்டினாள். பேட்டரியைப் பின்னால் தள்ளினாள். சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் ஒரு விரற்கடையில் நீலநிற டேப் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, "இங்க புடிச்சுத் தூக்குங்க" என்றாள். இந்தத் தடவை பாரெண்டும் லெஃபாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே சீராகத் தூக்கினார்கள். டகோட்டா தட்டையாக நின்றது. மூக்கு கொஞ்சமும் தணியவில்லை. ஹெர்க்ளாஸின் பரிசோதனையில் இது தேறாத விமானம்.

"விழுறதுக்கு வந்திருக்கு" என்று வாய்வரை வந்துவிட்டது. ஒரு கையில் சாலடு, ஒரு கையில் ஈயம். வாயை மூடிக்கொண்டார்.

ஹெஸ்டர் வழக்கம்போலப் பேசிக்கொண்டே ஓட்டினாள். பாதி ஓடுதளத்திலேயே சக்கரங்கள் புல்லைவிட்டன. எழும்பியதும் மூக்கு ஒருமுறை நிமிர்ந்தது, குதிரை முன்காலைத் தூக்குவதுபோல. கூட்டம் மூச்சை இழுத்தது. ஹெர்க்ளாஸின் மூடிய கைக்குள் ஈயம் நெரிந்தது. ஹெஸ்டர் பேச்சை நிறுத்தினாள், அவ்வளவுதான். பிறகு மூக்கு தணிந்தது, வெள்ளி வயிற்றில் வெயில் பட்டது, சோளக்காட்டின் மேல் அகலமாக ஒரு வட்டம் போட்டு டகோட்டா அவர்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போயிற்று. பாரெண்ட் தொப்பியைக் கழற்றினார். லெஃபா இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தார்.

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். ஹெர்க்ளாஸ் மட்டும் ஹெஸ்டரின் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குச்சியை அது ஒருபோதும் நடுவுக்கு விடவில்லை. மூக்கு எழும்பிவிடாமல், எந்நேரமும் மிக மிக லேசாக முன்னால் அழுத்திக்கொண்டே இருந்தது. அழுத்தத்தில் நகம் வெளுத்திருந்தது.

மூன்று சுற்று. பிறகு புல்லில் ஒரு சின்னக் குதிப்புகூட இல்லாமல் இறக்கினாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தேன் மாதிரி" என்றாள் ஹெஸ்டர். ரிமோட்டைக் கழற்றி, அந்தக் கட்டைவிரலை இன்னொரு கையால் நீவிவிட்டுக்கொண்டாள்.

அதற்குள் பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் சூசாரா. ஊதாப் பட்டையைத் தலைவழியாகக் கழற்றி, ஹெஸ்டரின் தோளில் போடப் போனாள். ஹெஸ்டர் பின்வாங்கினாள்.

"வேணாம், சூசாரா. நான் எப்படி ஜெயிச்சேன்னுதான் தெரியுமே."

"அது எனக்கு முத வருஷமே தெரியும்டி" என்றாள் போதகரின் மனைவி, குரலைத் தாழ்த்தாமலே. "அந்தப் பச்சை மெஷினுக்கு வரிசையில நான் ஏன் உன்னை முந்திக்கிட்டு ஓடினேன்னு நெனச்ச? எனக்கு உன்னளவுக்குச் சாய வரலை. அவ்வளவுதான்."

அன்று பின்வரிசையிலிருந்து பேசியவள் சிரிக்கத் தொடங்கினாள், அவளைத் தொடர்ந்து எல்லோரும். ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளை இழுத்துக்கொண்டு மேசைக்குப் போனார்கள். பாரெண்ட் சாலடு கிண்ணத்தை ஹெர்க்ளாஸின் கையிலிருந்து விடுவித்து எடுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில், "வாய்யா, இறைச்சி ஆறுது" என்றார்.

"வரேன்" என்றார் ஹெர்க்ளாஸ்.

வரவில்லை. எல்லோரும் தட்டோடு உட்கார்ந்து முதுகைக் காட்டியதும், கூனிய முதுகை இன்னும் வளைத்து டகோட்டாவின் இறக்கைக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தார். நீல டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நகத்தால் அதன் ஓரத்தை நெம்பி, கிழிந்துவிடாமல் மெல்ல உரித்து, ஒரு நூல் அளவு முன்னால் தள்ளி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.